இன்னொரு சுத்து முடுக்கு, கண்ணு

நரசீபுரம் ரோட்டில் எங்கள் காட்டில் சின்ன வெங்காயத்துக்குக் களை எடுக்க வேண்டிய வாரம். பவர் வீடரின் ஹெட்டைக் கழற்றி, புது கேஸ்கட் வைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். "இன்னொரு சுத்து முடுக்கு கண்ணு, அப்பத்தான் நிக்கும்" என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். எனக்கும் சரியென்று பட்டது. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி இழுத்தேன். நாலாவது போல்ட் சட்டென்று இளகி, எதிர்ப்பே இல்லாமல் சுற்றியது. வெளியே எடுத்தால் மரைக்குள் சுருள் சுருளாக அலுமினியம்.

இறுக்க இறுக்கப் பலம் என்ற நினைப்புதான் இங்கே தவறு. போல்ட் ஒரு ஸ்பிரிங். முடுக்கும்போது இம்மியளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுவைதான் ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்துப் பிடிக்கிறது. அளவு மீறினால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும், அதற்குமேல் முடுக்கினாலும் பிடிப்பு கூடாது. சிறு இன்ஜின்களில் போல்ட் இரும்பு, அது இறங்கும் உடம்பு அலுமினியம். அதனால் பெரும்பாலும் போல்ட் தொய்வதற்கு முன்பே அலுமினிய மரை உரிந்துவிடுகிறது.

10 நம்பர் ஸ்பேனர் போடும் எம்6 போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 10 நியூட்டன் மீட்டர். 15 செ.மீ. ஸ்பேனரின் நுனியை ஏழு கிலோ கனத்தில் இழுத்தால் அது வந்துவிடும். பைப்பைச் செருகி 45 செ.மீ. ஆக்கி அதே பலத்தில் இழுத்தால் 30 ஆகிவிடும். ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினின் ஹெட் போல்ட்டுக்கே 24 தான்.

பழகிய மெக்கானிக்கின் கைக்கு அளவு தெரியும் என்பார்கள். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றி மாட்டியே இயந்திரம் கற்ற ஜி.டி. நாயுடுவின் கோவை மாவட்டம் இது. கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கைக்குத் தெரிவது பெரும்பாலும் உராய்வுதான். முடுக்கும் விசையில் ஏறத்தாழ 90 சதவீதம் மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்வாகவே செலவாகிறது. மிச்சம்தான் போல்ட்டை நீட்டுகிறது. மரையில் துருவும் செம்மண்ணும் இருந்தால் கை கனக்கும், பிடிப்போ குறைவாக இருக்கும். ஆயில் பட்ட மரையில் கை கனக்கும்வரை முடுக்கினால் அளவு எப்போதோ தாண்டியிருக்கும். முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சையும் இந்த உராய்வு ஏமாற்றும். அதனால் கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. ஆயில் தடவலாமா, காய்ந்தபடி மாட்டணுமா என்பதை அந்த இன்ஜினின் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்யணும்.

இதற்குப் பயந்து தளர்வாக விடுவதும் ஆபத்து. போல்ட் அச்சுக்குக் குறுக்கே அடிக்கும் அதிர்வில் இரண்டு பாகங்களும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கினால், போல்ட் தானாகவே கழன்றுவரும். ஜெர்மன் பொறியாளர் ஜங்கர் 1969இல் இதைச் சோதித்துக் காட்டினார். பாக்குத் தோப்பில் புல் வெட்டும் மெஷினின் சைலன்சர் போல்ட் அடிக்கடி காணாமல் போவது இதனால்தான். போதிய பிடிப்பில்லாத போல்ட் ஒவ்வொரு அதிர்வையும் தானே வாங்கி, களைத்து, ஒருநாள் முறிந்தும் போகும்.

டார்க் ரெஞ்சில் கார் சக்கரத்துக்கான பெரியது இங்கே உதவாது. 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சிறியது வேண்டும். ஹெட் போல்ட்டுகளை இன்ஜின் ஆறியபின், குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தவணையில் முடுக்க வேண்டும். 'டக்' என்றதும் நிறுத்திவிட வேண்டும். உறுதிக்கென்று இன்னொரு டக் வேண்டாம். வேலை முடிந்ததும் ரெஞ்சின் அளவைக் கீழே இறக்கி வைக்கணும், இல்லையென்றால் அதன் ஸ்பிரிங்கே தளர்ந்துவிடும்.

எங்கள் வீடரோடு பெட்டியில் ஸ்பேனரும் பிளக் ஸ்பேனரும் வந்தன. எந்த போல்ட்டுக்கு எவ்வளவு என்று தமிழில் ஒரு தாள் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் கொடுக்கும் ஒவ்வொரு பவர் டில்லரோடும் வீடரோடும் அப்படி ஒரு தாள் கட்டாயம் வரணும். வாடகை மையம் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டார்க் ரெஞ்ச் இருக்கணும்.

உரிந்த மரைக்கு லேத்துப் பட்டறையில் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் நாலு நாள் போய்விட்டது. வெங்காயத்துக்குக் களையை ஆள் வைத்துத்தான் எடுத்தோம்.