கெட்டிக்காரப் பிள்ளையைப் பொறுக்குகிறவர் யார்?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம் மக்கள் சொல்லிக் கொள்ளுகின்றார்கள். வாஸ்தவமாகவே இருக்கட்டும். ஆனால் முளையைக் குனிந்து பார்த்தவன் யார், எந்தப் பாத்தியைப் பார்த்தான், எந்தப் பாத்தியைப் பாராமலே போனான் என்று மாத்திரம் எவரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்துத் தனிப் படிப்புக் கொடுக்கின்ற விஷயத்தில் முதலாவதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

புத்தி என்பது சில குடும்பங்களுக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்பதாக நமது நாட்டில் சாஸ்திரத்தின் பேரால் சொன்னார்கள். மேல்நாட்டிலோ அதையே விஞ்ஞானத்தின் பேரால் சொன்னார்கள். 1869-ல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்பவர் ஜட்ஜுகள், மந்திரிகள், சேனாதிபதிகள் முதலிய பிரபலஸ்தர்களின் சொந்தபந்தங்களைக் கணக்கெடுத்து, மேதைத்தனம் பரம்பரைச் சொத்து என்று ஒரு புஸ்தகமே எழுதினார். ஜட்ஜின் மகன் ஜட்ஜாவதற்கு அப்பன் வீட்டுப் பணமும் சிபார்சும் எவ்வளவு காரணம் என்பதை அவர் லேசாகத் தள்ளிவிட்டார். ஜமீன்தார் மகனுக்கு நிலம் அதிகமாயிருப்பதைக் கண்டு, நிலமும் ரத்தத்தில் ஊறியது என்று சொல்லாமல் விட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷந்தான்.

பிறகு 1905-ல் பாரிஸ் நகரத்தில் ஆல்பிரெட் பினே என்பவரும் சிமோன் என்பவரும் சேர்ந்து ஒரு புத்திப் பரீக்ஷை ஏற்படுத்தினார்கள். மேதாவிகளுக்கு முத்திரை குத்துவதற்காக அல்ல. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டு உதவி செய்வதற்காகவே அது ஏற்பட்டது. புத்தி பிறந்தபடியே நின்றுவிடும் அளவு அல்ல, பழக்கத்தாலும் பயிற்சியாலும் வளரக்கூடியது என்று பினே வற்புறுத்தினார். அவர் 1911-ல் இறந்துபோனார். பரீக்ஷை மாத்திரம் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய் வேறு உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டது.

அங்கே டெர்மன் என்ற பேராசிரியர் 1921 முதல் கலிபோர்னியாவில் சுமார் 1,500 மேதைப் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்தார். எப்படித் தேடினார்? பெரும்பாலும், "உங்கள் வகுப்பில் கெட்டிக்காரன் யார்?" என்று உபாத்தியாயர்களைக் கேட்டு, அவர்கள் பேர் சொன்ன பிள்ளைகளையே பரீக்ஷித்தார். அவர் சேர்த்த பிள்ளைகளில் ஒருவரும் நோபல் பரிசு வாங்கவில்லை. பரீக்ஷித்துப் போதாது என்று தள்ளிய பையன்களில் ஷாக்லி 1956-லும் அல்வாரெஸ் 1968-லும் பௌதிகத்தில் அந்தப் பரிசை வாங்கினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படித் தள்ளப்பட்ட ஷாக்லியே பிற்காலத்தில் கருப்பர்களுக்குப் பிறவியிலேயே புத்தி மட்டு என்று ஊர் ஊராகப் பேசித் திரிந்தார்!

நிற்க, இது பழங்கதை என்று சிலர் சொல்லலாம். ஆகவே சமீப காலத்தில் நடந்த ஒன்றை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

அமெரிக்காவில் ப்ளோரிடா மாகாணத்தில் ப்ரோவர்ட் என்று ஒரு ஜில்லா இருக்கின்றது. அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனிப் படிப்பு உண்டு. அதில் சேர, சராசரி 100 என்று வைக்கும் புத்திப் பரீக்ஷையில் 130 வாங்க வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் 116 போதும் என்று சலுகையும் இருந்தது. சட்டத்தைப் படித்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. என்றாலும் பள்ளிக்கூடத்தில் பாதிக்கு மேல் கருப்பர்களும் ஸ்பானிஷ் பேசும் வம்சத்தாரும் இருக்க, மூன்றாம் வகுப்பில் கெட்டிக்காரர் என்று எடுக்கப்பட்டவர்களில் அவர்கள் 100-க்கு 28 பேர்தான். காரணமென்ன? பரீக்ஷைக்கு உட்காருவதற்கு முன்னால் உபாத்தியாயரோ பெற்றோரோ "இந்தப் பிள்ளையைப் பாருங்கள்" என்று சிபார்சு செய்ய வேண்டியிருந்தது. கூலிக்காரத் தாய்க்கு அப்படியொரு வழி இருப்பதே தெரியாது. உபாத்தியாயருக்கோ கிழிசல் சட்டைக்குள் புத்தி இருக்குமென்று தோன்றுவதில்லை.

2005-ல் அந்த ஜில்லாவார் ஒரு காரியம் செய்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும், பாஷை தேவையில்லாத, உருவங்களைப் பார்த்து விடை சொல்லும் ஒரு சிறு பரீக்ஷை வைத்தார்கள். அதில் தேறியவர்களையெல்லாம் பெரிய பரீக்ஷைக்கு அனுப்பினார்கள். மார்க்கு அளவில் ஒன்றுகூடக் குறைக்கவில்லை. அப்படியிருந்தும் எடுக்கப்பட்ட ஏழைப் பிள்ளைகளின் தொகையும், கருப்பர், ஸ்பானிஷ் வம்சத்தார் தொகையும் வெகுவாய் உயர்ந்துவிட்டன. கார்டு, ஜூலியானோ என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்கிட்டு 2016-ல் வெளியிட்டார்கள். பழைய சிபார்சு முறையில் ஏழைகளும் கருப்பர்களும் மாத்திரமல்ல, பெண் பிள்ளைகளும் கூடக் கண்ணில் படாமல் போயிருக்கின்றார்கள் என்று தெரிந்தது. தகுதி போய்விடும், திறமை போய்விடும் என்று கூப்பாடு போடுகின்றவர்களைக் கேட்கின்றோம்: இங்கே எந்தத் தகுதி போயிற்று? கண் இல்லாமலிருந்தது தேடினவர்களுக்கா, பிள்ளைகளுக்கா?

தனி வகுப்பு வைத்துப் பிரிப்பதே உயர்வு தாழ்வை உண்டாக்காதா என்று நம் தோழர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஜில்லாவில் நாலாம், ஐந்தாம் வகுப்புகளில் கெட்டிக்காரர்களுக்கென்று வைத்த தனி வகுப்பில் காலியாயிருந்த இடங்களை, புத்திப் பரீக்ஷையில் தேறாவிட்டாலும் முந்திய வருஷப் பாடங்களில் நல்ல மார்க்கு வாங்கிய பிள்ளைகளைக் கொண்டு நிரப்பினார்கள். இவர்களில் கருப்பர்களும் ஸ்பானிஷ் வம்சத்தாருமே கணக்கிலும் வாசிப்பிலும் வெகுவாக முன்னேறினார்கள். 130 வாங்கி வந்தவர்களுக்குச் சொல்லத்தக்க லாபம் ஒன்றுமில்லை. வெளியே நின்ற பிள்ளைகளின் மார்க்கும் இறங்கவில்லை. ஆகவே யார் உள்ளே போவது என்பதை முத்திரையைக் கொண்டு தீர்மானிப்பதைவிட, உழைத்துக் காட்டிய வேலையைக் கொண்டு தீர்மானிப்பதே மேல் என்று நமக்குத் தோன்றுகின்றது.

இவ்வளவு நல்ல பலன் தந்த ஏற்பாடு என்ன ஆயிற்று? பெரிய பரீக்ஷைக்கு வேண்டிய மனோதத்துவ நிபுணர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டியிருந்தது. நாட்டில் பணமுடை வந்ததும் 2010 வாக்கில் அதை நிறுத்தி வைத்தார்கள். உடனே பழைய ஏற்றத்தாழ்வு முன்னிருந்த அளவுக்கே திரும்பி வந்துவிட்டது. வசதியுள்ள பெற்றோர்கள் தனி நிபுணரிடம் காசு கொடுத்துப் பரீக்ஷித்துச் சீட்டு வாங்கி வரும் வழி மட்டும் திறந்தே இருந்தது.