எங்களிடமா சிக்கனம் கேட்கிறீர்கள்?

சூன் 5. கட்டுமாவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். எந்தப் பள்ளி என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது. 'கவிஞர், வங்கி ஊழியர்' என்று என்னையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். தண்ணீரை வீணாக்க மாட்டேன். மின்விசிறியை அணைப்பேன். மஞ்சப்பை தூக்குவேன். நானும் கையை நீட்டினேன். கூட்டம் முடிந்ததும், மேடைக்காரர்கள் குடித்துப் போட்ட பிளாஸ்டிக் பாட்டில்களைக் குனிந்து பொறுக்கியது எங்க அத்தை. ஊராட்சியில் அவளுக்கு 'தூய்மைக் காவலர்' என்று பெயர். பேருல காவல் இருக்கு, கையில உறை இல்ல. என் பாட்டிலையும் அவதான் எடுத்தா. "சால்வையெல்லாம் போத்துனாங்களா மாப்ள?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன் தோழர்களே.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கு என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1991இல், எம்.சி.மேத்தா வழக்கில். நான் அந்தப் பாடத்தைப் படித்துத்தான் வந்தேன். 'மனிதன் இயற்கையை அழிக்கிறான்' என்று படித்தேன். எந்த மனிதன்? பாடத்தில் காடு உண்டு, கடல் உண்டு, ஓசோன் ஓட்டைகூட உண்டு. ஊரும் சேரியும் கிடையாது. உலகத்தின் கரியமிலப் புகையில் ஏறக்குறைய பாதிக்கு மேல்தட்டுப் பத்து சதவீதம் பேர்தான் காரணம். ஆனால் 'உன் கார்பன் தடத்தை நீயே கணக்குப் போட்டுப் பார்' என்று 2004இல் கணக்குக் கருவி கொடுத்து அந்தச் சொல்லைப் பரப்பியது பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனி. திருடனே ஊரைக் கூட்டி ஆளாளுக்கு மடியைச் சோதிக்கச் சொன்ன கதை. நம்ம ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் 'லைஃப்' இயக்கத்தைத் தொடங்கி, தனிமனிதன் செய்ய வேண்டிய 75 செயல்களை வரிசை போட்டது. தொடங்கிய இடம் குசராத்தின் கேவடியா. நர்மதை அணைக்காக ஆதிவாசிகளை நிலத்திலிருந்து கிளப்பிய அதே இடம்.

எங்க அம்மா ஒரு குடம் தண்ணியை மூணு தரம் பயன்படுத்துவா. அரிசி களைஞ்ச தண்ணி ஆட்டுக்கு, பாத்திரம் கழுவுனது முருங்கைக்கு. இதைச் சொன்னால் நகரத்து நண்பர்கள் சிலர் 'ஆகா, மரபான வாழ்வியல்' என்று உருகுகிறார்கள். மண்ணாங்கட்டி. ஊர்க் குழாயில் எங்களை விடல, அதனால ஒரு குடம். எங்கள் இல்லாமையைப் பண்பாடு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

இதே மாவட்டம். வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது 2022 டிசம்பர் 26இல். பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். 2025 சனவரியில் சிபிசிஐடி, அந்த மக்களிலேயே மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை போட்டது. மக்கள் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள். 'நீரின்றி அமையாது உலகு' என்று சுவரில் எழுதியிருக்கும் பள்ளிகளில் எத்தனை, இதை ஒரு வகுப்பில் பேசியிருக்கும்?

அடுத்து இறால். உப்புநீரைத் தேக்குகிற குளத்திலிருந்து உப்பு பக்கத்து நிலத்தடி நீரில் இறங்கும். கழிவு ஓடைக்குப் போகும். நாற்று நடவும் களையெடுக்கவும் நூறு கை வேண்டிய நிலத்தில், குளம் வெட்டினால் நாலு காவலாளி போதும். பறிபோவது யார் வேலை, யார் கிணறு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1996 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை இடிக்கச் சொன்னது. வழக்குப் போட்டவர் சர்வோதய ஜெகந்நாதன். காந்தியவாதிகளோடு நாம் தீர்க்க வேண்டிய கணக்கு நிறைய உண்டு. ஆனால் அவரும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சையில் நிலமற்ற நம் பெண்களோடு நின்றார்கள், அதை மறைக்கக் கூடாது. தீர்ப்பு வந்தும் பண்ணைகள் ஒழியவில்லை. 2005இல் தனிச் சட்டம் வந்தது, ஆணையம் வந்தது, பதிவுச் சான்றிதழ் வந்தது.

இனி என் கதை. இறால் குளத்துக்குக் கடன் கேட்டு வரும் மனு என் மேசை வழியாகத்தான் போகும். சர்வே எண் இருக்கும், பிணைச் சொத்து இருக்கும். பக்கத்துச் சேரிக் கிணறு அதில் இருக்காது. நான் சீல் குத்தியிருக்கேன். ஒண்ணு இல்ல, பல. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து குத்தினேன். அதனால் 'தனிமனிதப் பொறுப்பு' என்ற சொல்லை முழுசாத் தூக்கியெறிய எனக்கு யோக்கியதை இல்லை.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி வந்தபோதுதான் அம்மா எழுத்துக் கற்றாள். வாடகை சைக்கிளில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினாள். கையெழுத்துப் போடக் கற்ற மறு மாசமே, கூலிக் கணக்கில் எவ்வளவு எழுதியிருக்கு என்று கங்காணியிடம் நோட்டை வாங்கிப் பார்த்தாளாம். பட்டம் வாங்கிய நான், படிக்காமலே சீல் குத்துகிறேன்.

கிராம சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். எங்க வட்டாரத்தில் பதிவான பண்ணைகள் எவை, கழிவுநீர் எங்கே போகிறது, சேரிக் கிணற்றுத் தண்ணியை எப்போது சோதிப்பீர்கள், தூய்மைக் காவலர்களுக்குக் கையுறை எப்போது. முதல் கையெழுத்து அத்தையோடது. ரெண்டாவதா என் பேர். பேருக்குக் கீழே 'வங்கி ஊழியர்' என்று போடலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். போட்டிருக்கேன்.