பதினொன்றுக்குப் பூச்சியம்

எமது ஊர்களில் கோயில் திருவிழா, சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா, மறைந்துபோன ஒருவரின் நினைவு நாள் என்று எதை எடுத்தாலும் ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியும் கூடவே வந்துவிடும். பதினொருவர் ஆடும் பெரிய ஆட்டத்துக்கு வசதியில்லாத இடங்களில் அணிக்கு எழுவர், அணிக்கு ஐவர் என்று சிறிய ஆட்டங்களாக நடத்துவார்கள். மைதானத்தைக் குறுக்கே பிரித்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள் ஆடலாம், செலவும் குறைவு. இப்போது மகளிர் தினத்தை ஒட்டிப் பெண்களுக்கும் இவ்வாறான போட்டிகள் நடைபெறுகின்றன. நல்ல விடயம்தான். ஆனால் கிண்ணம் வாங்கிய அணியின் படம் மட்டும் அறிக்கைகளில் வருகிறது. முதல் ஆட்டத்திலேயே தோற்று வீடு திரும்பிய பிள்ளைகளுக்கு ஊரில் என்ன நடந்தது என்று எவரும் எழுதுவதில்லை. இம்முறை அவர்களைப் பற்றிப் பேசுவோம், தோழியரே.

நான் வேலை செய்யும் பிரதேசத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கத்துப் பெண்கள் ஓர் அணியை அமைத்திருக்கிறார்கள். உயர்தர வகுப்பு மாணவி ஒருவர், முன்பள்ளி ஆசிரியை ஒருவர், கருவாடு போடும் பெண்கள் இருவர், ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் பிள்ளைகள் சிலர் என்று கலவையான அணி. கோல் காப்பவர் இரண்டு பிள்ளைகளின் தாய். அணிக்கு எழுவர் கொண்ட போட்டியொன்றில் அவர்களுக்கு முதல் ஆட்டமே, பாடசாலைக் காலத்திலிருந்து பயிற்றுநரின் கீழ் ஆடிவரும் அணியொன்றுடன் விழுந்தது. பாதிக்கு 15 நிமிடம். இடைவேளையின்போது 3–0. முடிவில் 11–0. விலகல் முறையிலான போட்டி என்பதால் காலை ஒன்பது மணிக்கு மைதானத்துக்கு வந்தவர்கள் பத்து மணிக்கு முன்னரே பார்வையாளர்களாகிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது செய்தி அவர்களுக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது. கைத்தொலைபேசிக் காலமல்லவா. சந்தியில் நின்ற இளைஞர்கள் “பதினொண்டு வருகுது” என்றார்கள். அதன் பிறகு சில நாட்களுக்கு அந்தப் பெண்கள் கடைக்குப் போனாலும் கிணற்றடிக்குப் போனாலும் அதுதான் அவர்களுடைய பெயர். அடுத்த இரண்டு வாரங்களில் இரண்டு பிள்ளைகள் பயிற்சிக்கு வரவில்லை. ஒருவரின் தமையன், “எங்கட மானத்தை வாங்கவே போனனீங்கள்?” என்று காலணியை எடுத்துக் கூரைக்கு மேல் எறிந்துவிட்டார். மற்றவரின் வீட்டில் ஒருவரும் ஏசவில்லை. “போதும் பிள்ளை, ஆடிப் பாத்தாச்சுத்தானே. இனி வீட்டு வேலையைப் பார்” என்று அன்பாகவே சொன்னார்கள். எனக்கு இந்த இரண்டாவது வீடுதான் கூடுதலான கவலையைத் தந்தது. ஏசுபவருடன் வாதாடலாம். அன்பாகச் சொல்லிக் கதவைச் சாத்துபவருடன் எப்படி வாதாடுவது?

இதே ஊரின் விளையாட்டுக் கழகத்து இளைஞர்கள் சில ஆண்டுகளுக்கு முன்னர் அயலூர் அணியிடம் 8–0 என்று தோற்றவர்கள். அதை இப்போதும் சிரித்துக்கொண்டே கதைப்பார்கள். மத்தியஸ்தர் சரியில்லை என்றார்கள், காற்று எதிர்ப்பக்கம் என்றார்கள், முதல்நாள் கடலுக்குப் போன களைப்பு என்றார்கள். பின்னர் கூட்டம் கூடி, நல்ல பயிற்றுநர் ஒருவர் தேவை என்று தீர்மானம் எடுத்தார்கள். ஆண்களுக்கு உதைபந்தாட்டம் எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. பெண்கள் தோற்றபோதோ ஊர் முதலில் கேட்டதே அந்தக் கேள்வியைத்தான். “உதுக்குத்தான் அப்பவே சொன்னனான்” என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். அவர் அந்த ஆட்டத்தைப் பார்க்கக்கூட வரவில்லை.

சமூகவியல் படித்த காலத்தில் வாசித்த ஓர் ஆய்வு எனக்கு நினைவுக்கு வந்தது. ரோசபெத் மோஸ் கான்டர் என்பவர் அமெரிக்க நிறுவனமொன்றை ஆராய்ந்து 1977இல் எழுதிய நூலில், ஆண்கள் நிறைந்த இடத்துக்கு மிகச் சில பெண்கள் வரும்போது என்ன நடக்கிறது என்று விபரிக்கிறார். அந்தப் பெண்கள் எல்லோருடைய கண்ணிலும் படுகிறார்கள். அவர்களில் ஒருத்தி தவறு விட்டால் அது அவளுடைய தவறாக நின்றுவிடுவதில்லை, பெண்களே இப்படித்தான் என்றாகிவிடுகிறது. அலுவலகத்துக்குச் சொன்னது எமது மணல் மைதானத்துக்கும் பொருந்துகிறது. கழகத்து இளைஞர்கள் தோற்றால் எட்டுப் பேர் தோற்றார்கள் என்று கணக்கு. எமது பிள்ளைகள் தோற்றால் ஊரிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் தோற்றதாகக் கணக்கு.

சரி, 11 கோல்கள் எப்படி வந்தன? ஊர் கேட்காத கேள்வி இது. முதற்பாதியில் 3, இரண்டாம் பாதியில் 8. ஆடத் தெரியாதவர்கள் என்றால் தொடக்கத்திலேயே எட்டும் விழுந்திருக்க வேண்டும். சிறிய மைதானத்தில் எழுவர் ஆடும்போது நின்று மூச்சுவிட இடமில்லை. பந்து எப்போதும் கிட்டவே இருக்கும். ஒருவர் களைத்து நடக்கத் தொடங்கினால் பெரிய ஆட்டத்தில் மற்றப் பத்துப் பேர் மறைத்துவிடுவார்கள். இங்கே ஏழில் ஒன்று ஓட்டையாகிவிடும். அதனால்தான் எத்தனை தரமும் ஆளை மாற்றலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். எதிரணி ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் இருவரை மாற்றிக்கொண்டிருந்தது. எமது பக்கத்தில் மாற்றுவதற்கு ஒரேயொருவர்தான் இருந்தார்.

பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர். மூவர் வரவில்லை. ஒருவருக்கு அன்று தொழிற்சாலையில் மேலதிக நேர வேலை. இன்னொருவரைப் பெண்பார்க்க வருகிறார்கள் என்று மறித்துவிட்டார்கள். வெயிலில் ஆடிக் கறுத்துப்போய் எப்படி அவர்கள் முன்னால் நிற்பது? மூன்றாமவருக்கு மாதவிடாய். அந்த மைதானத்தில் பெண்களுக்கு மலசலகூடம் திறந்துவிடப்படாது என்பது அவருக்கு முன்னரே தெரியும். மகளிருக்கான போட்டி என்று பதாகை கட்டியிருந்தார்கள், மலசலகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மத்தியானம் வரை தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த 8 கோல்களில் எத்தனையை எதிரணி போட்டது, எத்தனையை இந்த மூன்று வெற்றிடங்கள் போட்டன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பெரிய தோல்விகளின் காரணம் பல தடவைகளில் மைதானத்துக்கு வெளியேதான் இருக்கிறது. 2001 ஏப்ரல் 11ஆம் திகதி உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றில் அமெரிக்க சமோவா என்ற சின்னஞ்சிறு தீவின் ஆண்கள் அணி அவுஸ்திரேலியாவிடம் 31–0 என்று தோற்றது. சர்வதேச உதைபந்தாட்டத்தில் பதிவான மிகப்பெரிய தோல்விகளில் அது முதலாவது. கடவுச்சீட்டுச் சிக்கலால் அந்தத் தீவின் வழமையான வீரர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆடமுடியாமற் போக, பதினைந்து வயதுப் பையன்களையும் சேர்த்துக்கொண்டு இறங்கியிருந்தார்கள். எஞ்சிய அந்த ஒருவர் கோல் காப்பாளரான நிக்கி சலாப்பு. முப்பத்தொரு தடவை வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தவர் அவர்தான். 2011 நவம்பர் 22ஆம் திகதி அமெரிக்க சமோவா 2–1 என்று டொங்காவை வென்று தனது முதலாவது உலகக் கிண்ணத் தகுதிகாண் வெற்றியைப் பெற்றபோதும் கோலில் நின்றவர் அதே சலாப்பு.

பெண்கள் பக்கத்திலும் சொல்ல ஒன்றுண்டு. 2019ஆம் ஆண்டு மகளிர் உலகக் கிண்ணத்தில் தாய்லாந்து அணி அமெரிக்காவிடம் 13–0 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் சுவீடனிடமும் 5–1 என்று தோல்வி. ஆனால் அந்த ஒரு கோல் விழுந்தபோது அணியின் முகாமையாளர் நுவல்பான் லம்சம் என்ற பெண்மணி தேம்பி அழுததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. எமது கிராமத்து அணியின் கோல் காப்பாளருக்கு இதைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் சொன்னது வேறு. “பதினொண்டு உள்ளுக்குப் போனது ஊருக்கெல்லாம் தெரியும். நான் பிடிச்சது எத்தனை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை அக்கா.” நானும் எண்ணவில்லைத்தான். மாற்று வீராங்கனையாகக் கரையில் இருந்த மாணவி எண்ணியிருக்கிறார். பதினான்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. கழகத்து மைதானம் ஒவ்வொரு நாளும் மாலை நாலரையிலிருந்து இருட்டும்வரை ஆண்களுக்கு. பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டிலிருந்து மூன்றரை வரை. அந்த வெயிலில் மாடுகூட மைதானத்தில் நிற்காது. வாரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆடுபவரும் பத்து மணித்தியாலம் ஆடுபவரும் சந்தித்தால் முடிவு எப்படி இருக்கும்? தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் மாணவிகள் அகில இலங்கை மட்டத்தில் பேசப்படும் அணியாக வந்ததற்கு, ஆண்டாண்டாகத் தொடர்ந்த பயிற்சியும் அவர்களுக்கென்று கிடைத்த நேரமுமே காரணம். எமது பிள்ளைகளின் கால்களும் அதே கால்கள்தான்.

மைதானத்தைப் பூட்டினால் போதும், விளையாட்டைத் தடைசெய்யத் தேவையில்லை என்பது இங்கிலாந்தில் நூறு வருடங்களுக்கு முன்னரே தெரிந்த உபாயம். 1920 டிசம்பர் 26ஆம் திகதி லிவர்பூல் நகரில் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டமொன்றைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் கூடினார்கள். மறுவருடம் டிசம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், பெண்களுக்கு மைதானம் கொடுக்கவேண்டாம் என்று தனது கழகங்களுக்குக் கட்டளையிட்டது. அந்தக் கதவு மீண்டும் திறபட ஏறத்தாழ 50 வருடங்கள் பிடித்தன. எமது ஊரில் எவரும் கட்டளை போடவில்லை. இரண்டு மணி வெயிலே போதுமாக இருக்கிறது.

போட்டி நடத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. நானும் அந்த வட்டத்தில் இருப்பவள்தான். எட்டு அணிகளை அழைத்து விலகல் முறையில் நடத்தினால் நான்கு அணிகள் ஒரேயொரு ஆட்டத்துடன் வீட்டுக்குப் போகும். ஆட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. முதற்சுற்றில் தோற்ற நான்கு அணிகளுக்கும் தனியாக ஒரு சிறிய கிண்ணம் வைத்தால் மேலதிகமாக மூன்று ஆட்டங்கள்தான். பாதிக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வீடற்றவர்களுக்கான உலகக் கிண்ணம் என்று அணிக்கு நால்வர் ஆடும் போட்டியொன்று 2003இல் ஒஸ்ரியாவில் தொடங்கியது. 2008 முதல் பெண்களுக்குத் தனிப்பிரிவும் உண்டு. பாதிக்கு ஏழு நிமிடந்தான் ஆட்டம். முதற்கட்டம் முடிந்ததும் பலத்துக்கு ஏற்ப அணிகளைப் பிரித்து வெவ்வேறு கிண்ணங்களுக்கு ஆடவிடுவார்கள். தோற்றவர்களும் கடைசி நாள்வரை ஆடுகிறார்கள். தெருவில் படுத்தவர்களுக்கு இப்படி யோசித்து ஒழுங்குசெய்ய முடிந்திருக்கிறது. எமக்கு ஒரு கிண்ணம் கூடுதலாக வாங்கினால் பாதீட்டில் இடிக்குமாம்.

இதற்கிடையில் கிராமத்தில் என்ன நடக்கிறது? கூரையில் கிடந்த காலணியை அந்தப் பிள்ளையின் அம்மாவே கொக்கத்தடியால் இழுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்பாக மறித்த வீட்டுப் பிள்ளை இன்னும் வரவில்லை. அந்த வீட்டுக்கு நான் மூன்று தடவை போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மைதான நேரத்தைக் கேட்டு எழுதிய கடிதத்துக்குக் கழகம், “அங்கத்தவர்களின் தீர்மானப்படியே நேரம் ஒதுக்கப்படும்” என்று பதில் அனுப்பியது. யாப்பை வாங்கிப் பார்த்தால் அங்கத்தவர் ஆண்களாகத்தான் இருக்கவேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. 18 வயது, ஊரில் வதிவிடம், வருடச் சந்தா, அவ்வளவுதான். கோல் காப்பாளரும் முன்பள்ளி ஆசிரியையும் கருவாட்டுக்காரப் பெண்களுமாக ஆறு பேர் போன கிழமை சந்தா கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கியிருக்கிறார்கள். பொதுக்கூட்டம் அடுத்த மாதம்.