தண்டவாளம் போட்டவர் பெயர் என்ன?



ரயில் என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசை அல்லவா? எங்கள் உத்தமபாளையத்தில் ரயில் நிலையம் கிடையாது. பஸ் பிடித்துத் தேனிக்கோ போடிக்கோ போனால்தான் ரயில் ஏறலாம்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, இரும்பு தேவை என்று அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடியும் பாதை போட்டார்கள். பிறகு, அகலப் பாதை ஆக்குவதற்காக 2010 முடிவில் நிறுத்திய ரயில், 2023 ஜூனில்தான் திரும்பவும் போடிக்கு வந்தது.

இங்கே தண்டவாளத்தைப் பெயர்த்த அதே போர்க்காலத்தில், கடலுக்கு அப்பால் வேறொரு பாதை போட்டார்கள். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க, 1942-இல் ஜப்பான் ராணுவம் தொடங்கிய பாதை அது. நீளம் 415 கிலோ மீட்டர். வழியெல்லாம் மலை, அடர்ந்த காடு, ஆறுகள். 1943 அக்டோபரில் வேலை முடிந்துவிட்டது.

எப்படி இவ்வளவு விரைவில் முடிந்தது? மனித உயிர்களைக் கொடுத்துத்தான்! மலேயா ரப்பர் தோட்டங்களில் பிழைக்கப் போயிருந்த தமிழர்கள் பல்லாயிரம் பேரை அங்கே கொண்டு போனார்கள். கூலி தருவதாகச் சொல்லிச் சிலரை, பலவந்தமாகப் பலரை. பசி, காலரா, மலேரியா, ஓயாத மழை. அதனால்தான் அதற்குச் 'சயாம் மரண ரயில்' என்று பெயர்.

அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. கற்களில் பெயர்கள் இருக்கின்றன. இறந்த தமிழர்களுக்கோ சரியான கணக்குக்கூட இல்லை. 80 ஆண்டுகள் கழித்து, 2023-இல்தான் அவர்கள் நினைவாக அங்கே ஒரு நடுகல் வைக்கப்பட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்தக் கண்டத்தின் குறுக்கே போன முதல் ரயில் பாதை 1869 மே 10 அன்று இணைந்தது. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். ஆனால், அன்று எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் அவர்களைத் தேடத்தான் வேண்டும்.

"கூலி வாங்கித்தானே வேலை செய்தார்கள், பெயர் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இன்ஜினீயரும் சம்பளம் வாங்கித்தானே வேலை செய்தார்? அவர் பெயரைக் கல்லில் வெட்டுகிறோமே! சயாமில் பலருக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை. இது நியாயமா?

நம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் பழைய நடுகற்கள் கிடைத்தன. மாடு கவரும் சண்டையில் இறந்த அந்தவன் என்பவனின் பெயர், 2,000 ஆண்டுகள் தாண்டியும் அதில் ஒன்றில் படிக்கும்படி இருக்கிறது. எழுதி வைத்தால் பெயர் நிற்கும். எழுதாவிட்டால் எண்பதே ஆண்டுகளில் மறைந்துவிடும்.

எனவே, ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் தாத்தா, பாட்டி, அவர்களுக்கு முந்தையவர்கள் ரயில் பாதையிலோ, சாலையிலோ, அணையிலோ, ஏலத் தோட்டத்திலோ வேலை செய்தார்களா? வீட்டில் கேளுங்கள். பெயர், ஊர், செய்த வேலை மூன்றையும் எழுதுங்கள். கேட்டால் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். செய்வீர்கள்தானே?