சாம்பார் வாளியும் ஹாக்கி மட்டையும்

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள். விழுப்புரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், அட்மிஷன் சமயத்தில் பி.டி. மாஸ்டர் வாசலில் நின்று, வருகிற பையன்களின் மார்க் ஷீட்டைப் பார்க்காமல் கெண்டைக்காலைப் பார்ப்பார். (கல்லூரியின் பெயர் வேண்டாம். மாஸ்டருக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி.) கால் மனசுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த கேள்வி, "தம்பி, ஹாக்கி ஆடுவியா?"

பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "கிரிக்கெட் ஆடுவேன் சார்!"

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கபடிக்கு ஆள் கிடைக்கும். வாலிபாலுக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும். ஹாக்கி அப்படியா? ஆளுக்கு ஒரு மட்டை, கல் இல்லாத தரை, கோல்கீப்பருக்குத் தலை முதல் கால் வரை கவசம்! 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே ஆட்டம் செயற்கைப் புல்லுக்குப் போய்விட்டது. நம் பையன் கற்றுக்கொள்வது செம்மண்ணில். பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று பந்துக்கே தெரியாது. இதில் இடது கைப் பழக்கமுள்ளவன் வந்தால் மாஸ்டர் பெருமூச்சு விடுவார். மட்டையில் ஒரு பக்கம்தான் தட்டை. இடது கைக்காரருக்கென்று தனி மட்டையை விதியே அனுமதிப்பதில்லை.

கோவில்பட்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். அங்கே பொடியன்கள் பள்ளிக்கூடத்திலேயே மட்டை பிடித்துவிடுகிறார்கள். கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் மேட்சிலேயே கார்த்தி ஒரு கோல்!

"அங்க காலேஜுக்கு வரும்போதே பாதி ஆட்டக்காரன். இங்க பதினெட்டு வயசுல, மட்டைய எந்தப் பக்கம் புடிக்கணும்னு ஆரம்பிக்கிறேன். மூணாவது வருஷம் ஒழுங்கா ஆடறப்போ டி.சி. வாங்கிட்டுப் போயிடறான்" என்பார் மாஸ்டர்.

அப்படி டி.சி. வாங்கிப் போனவர்களில் அடியேனும் ஒருவன். பி.காம். படித்தபோது, ஓட வேண்டாம் என்று சொன்னதை நம்பி கோல்கீப்பர் ஆனேன். மூன்று வருஷத்தில் எத்தனை கோல் விட்டேன் என்ற கணக்கை மட்டும் இன்னும் டாலி செய்யவில்லை.

சரி, எப்படியோ பதினோரு பேர் தேறிவிட்டார்கள் என்று வையுங்கள். ஆடி மாதம் முழுக்க பிராக்டிஸுக்கு ஃபுல் அட்டென்டன்ஸ்! ஆவணி முதல் முகூர்த்தம் வந்ததும் மைதானத்தில் மாஸ்டரும் விசிலும்தான். பையன்கள் எல்லாம் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போய்விடுவார்கள். மாஸ்டர் டீம் லிஸ்ட் போடும்முன் பஞ்சாங்கம் பார்ப்பது இதனால்தான்.

போன ஆவணியில் பல்கலைக்கழக அணித் தேர்வு சரியாக முகூர்த்த நாளில் வந்து தொலைத்தது. இந்த வருஷம் மாஸ்டர் கண்டெடுத்த சென்டர் ஃபார்வர்டு, கண்டாச்சிபுரம் பக்கத்துப் பையன். கால் அல்ல, காற்று! அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மாவின் மகளிர் குழுத் தவணையைக் கட்டுவது இவன் பந்தி சம்பளம்.

"ஹாக்கி ஆடினா வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்டிருக்கிறான்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு மாஸ்டர்கள் தயங்காமல் பதில் சொல்லியிருப்பார்கள். ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி என்று ஹாக்கி அணி வைத்து வேலையும் கொடுத்த இடங்கள் இருந்தன. லயோலா கல்லூரியில் ஆடிய வாசுதேவன் பாஸ்கரன் 1980 மாஸ்கோவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த கேப்டன். இன்றைக்கும் தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எந்த சர்டிபிகேட் எந்த வேலைக்குச் செல்லும் என்பது அரசாணையைப் படிக்கப் படிக்கக் குழப்பும். மாஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்டா. ஆனா தேர்வுக்கே போகலன்னா நிச்சயமா கிடைக்காது" என்றார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு, "கான்ட்ராக்டர்கிட்ட வரேன்னு சொல்லிட்டேன் சார்" என்றானாம்.

மாஸ்டர் விடவில்லை. வழியில் அகப்பட்ட என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராகச் சமையல் கான்ட்ராக்டர் வீட்டுக்கே போனார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கஷ்டம் அவருக்கு. "ஆயிரம் இலை சார். ஒரு கை குறைஞ்சா பந்தி நின்னுடும். நீங்க பதிலுக்கு ஒரு ஆள் குடுங்க, பையனை விட்டுடறேன்."

மாஸ்டர் மெல்லத் திரும்பி என் கெண்டைக்காலைப் பார்த்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, திண்டிவனம் ரோட்டில் ஒரு மண்டபத்தில், பி.காம். பட்டதாரியாகிய நான் சாம்பார் வாளியோடு நின்றேன். என் ஆபீஸ் ஹெட் கிளார்க் மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டு மட்டும் கொஞ்சம் அதிகமாக வைத்தேன். இலைக்கு வெளியே போன சாம்பாரை மாஸ்டர் பார்த்திருந்தால், "இதையும் விட்டுட்டியாடா?" என்றிருப்பார்.

சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணே, டீம்ல பேரு வரல. ரிசர்வ்ல ரெண்டாவதா போட்டிருக்காங்க."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. "பரவாயில்லப்பா... கோல் போட்டியா?"

"ரெண்டுண்ணே! கான்ட்ராக்டர் காசு குடுத்தாரா?"

"குடுத்தார். எழுநூறு."

"அம்மா நம்பருக்கு அனுப்பிடுங்கண்ணே, நாளைக்குத் தவணை. அப்புறம்... வியாழக்கிழமை பிராக்டிஸ் மேட்ச் வச்சிருக்காராம் மாஸ்டர். அன்னிக்கும் முகூர்த்தம். நீங்க ஃப்ரீயான்னு கேக்கச் சொன்னார்."