மாதம் ஒரு இலட்சம் வந்தால் பணக்காரரா?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இப்போது ஒரு பேச்சு நிலைபெற்றுவிட்டது. தேயிலைத் தோட்டத்து வீட்டில் இரண்டு பேர் கொழுந்தெடுக்கப் போகிறார்கள், ஒரு பிள்ளை கொழும்பில் வேலை செய்கிறது, மாதம் ஒரு இலட்சம் ரூபா சுளையாக வருகிறது, அப்படிப்பட்டவர்கள் பணக்காரர்தானே என்பது அந்தப் பேச்சு. சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம் இது எதிர்வாதமாக வருகிறது. நிவாரணப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்ற பேச்சிலும் தலைகாட்டுகிறது. மலையகத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிலரும் பெருமையோடு சொல்கிறார்கள். அவர்கள் காட்டும் காரணங்கள் நான்கு: இலட்சம் பெரிய தொகை, தோட்டத்தில் வாடகை இல்லாததால் செலவு குறைவு, நகையும் ஃபோனும் மோட்டார் சைக்கிளும் கண்ணெதிரே இருக்கின்றன, அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் இது உயர்ந்த நிலை. நான்கையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்காது. மாதம் எவ்வளவு வருகிறது என்பதை வைத்து ஒரு குடும்பத்தைப் பணக்காரர் என்று சொல்ல முடியாது. அந்த வரவு நின்றுபோனால் அவர்களிடம் எது மிஞ்சும், அது யார் பெயரில் இருக்கிறது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

முதலில் இலட்சத்தின் மதிப்பு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் கணித்த உத்தியோகபூர்வ வறுமைக்கோடு, ஒருவருக்கு மாதம் 6,966 ரூபா. இன்று அந்தக் கோடு 16 ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. ஒரு மனிதர் உயிரோடிருக்கத் தேவையான உணவும் அடிப்படைச் செலவும் மாறவில்லை; அவற்றின் விலைதான் இரட்டிப்பைக் கடந்துவிட்டது. இந்த அளவுகோலை வைத்தால் இன்றைய ஒரு இலட்சம், 2019இன் சுமார் 43 ஆயிரம் ரூபாவுக்குச் சமம். அந்த ஆண்டில் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா, நகரத்தில் 116,670, தோட்டத்துறையில் 46,865. அதாவது, இன்று பணக்காரர் என்று சுட்டப்படும் குடும்பம், ஆறேழு ஆண்டுகளுக்கு முந்திய சராசரித் தோட்டக் குடும்பத்தின் இடத்தையே இன்னும் எட்டவில்லை. அரசாங்கத்தின் வரிக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2025 ஏப்ரல் முதல் தனியொருவர் மாதம் 150,000 ரூபா வரை உழைத்தால் வருமான வரி இல்லை. உச்ச வீதமான 36 சதவீதம் தொடங்குவது மாதம் சுமார் மூன்று இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேல். இவை இரண்டும் ஒருவருடைய வருமானத்துக்கான வரம்புகள். மூன்று பேர் சேர்ந்து உழைக்கும் ஒரு இலட்சமோ, வரி கட்டும் தகுதி ஒருவருக்குத் தொடங்கும் இடத்துக்கே வரவில்லை.

அடுத்து, அந்த இலட்சம் உண்மையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபடி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,550 ரூபா, அதோடு அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு 200, மொத்தம் 1,750. கணவனும் மனைவியும் மாதம் 25 நாள் தவறாமல் வேலைக்குப் போனால் 87,500 ரூபா. சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் கழித்தால் கைக்கு வருவது 81,300. நான்கு பேருள்ள குடும்பத்துக்கு வறுமைக்கோட்டுச் செலவே குறைந்தது 64,000. ஐந்து பேர் என்றால் 80,000. ஆக, இரண்டு முழுச் சம்பளமும் ஐந்து பேர் குடும்பத்தைக் கோட்டின் மேல் மயிரிழையில் நிறுத்துகின்றன, அவ்வளவுதான். ஆனால் எல்லா மாதமும் 25 நாள் கிடையாது. வருடத் தொடக்கத்து வறட்சியில் கொழுந்து குறையும், வேலை நாளும் குறையும். 18 நாள் மட்டும் வேலை கிடைத்தால் இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது சுமார் 58,500 ரூபா. நான்கு பேர் குடும்பமே கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது.

இதிலும் முழுப் பேர், அதாவது ஒரு முழு நாள் வேலைப் பதிவு, விழுந்தால்தான் முழுச் சம்பளம். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் கிலோக் கணக்கை எட்டாத நாளில் அரைப்பேர்தான் என்பது பல தோட்டங்களின் நடைமுறை. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மலையேறி, படங்கு கட்டி, மழையில் நனைந்து பறித்த கொழுந்தைத் தராசில் வைக்கும்போது, சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோவைக் கழித்துவிடுகிறார்கள் என்ற முறைப்பாடு தலைமுறைகளாக ஓயவில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்தால் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் பணம், தேயிலைத் தூள் என்று கழிவுகள் வரிசையாக நிற்கும். கொழும்பில் இருக்கும் பிள்ளையின் சம்பளமும் அங்கே அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போகத்தான் வீட்டுக்கு வருகிறது. சம்பளம் விலைவாசியைத் துரத்திப் பிடித்த வரலாறும் கிடையாது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் அறிவிக்கப்பட்ட 1,700 ரூபா நீதிமன்றப் படியேறி நின்றது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயமாகும் வரை தொழிலாளி அதே ஆயிரத்தோடுதான் கடைக்குப் போனார். அந்த இடைக்காலத்தில் வாங்கிய கடனை இன்றைய சம்பளம் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது காரணம் வாடகை இல்லாத வீடு. வீடு, தண்ணீர், பிள்ளைக் காப்பகம் எல்லாம் தோட்டத்தில் இருக்கும்போது குறைந்த வருமானமே போதுமல்லவா என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில், குடியிருப்பவருக்கு அது சொந்தமில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போனது. பின்னர் 2045 வரை நீளும் குத்தகையில் காணி அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மண் அரசாங்கத்தினது, குத்தகை கம்பனியினது. நான்கைந்து தலைமுறையாக அங்கே வாழ்பவருக்கு உரித்து எதுவும் எழுதப்படவில்லை. அந்த வீட்டை விற்க முடியாது, வங்கியில் ஈடு வைக்க முடியாது, கூடுதலாக ஓர் அறை கட்டவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, தப்பியவர்கள் தமக்கென்று காட்ட ஒரு துண்டு நிலமும் இல்லாமல் முகாமில் நின்றார்கள். இந்திய உதவி வீட்டுத் திட்டத்திலும் அரசின் திட்டங்களிலும் 7 பேர்ச் காணியோடு தனிவீடு பெற்ற குடும்பங்கள் இருக்கின்றன. அது உண்மையான மாற்றம். ஆனால் பெரும்பாலானோருக்கு அந்தக் காணி இன்னும் எட்டவில்லை. வாடகை கொடுக்காமல் இருப்பது ஒரு செலவு மிச்சம். சொத்து என்பது அதுவல்ல.

இதைத் தெளிவாகப் பார்க்க வேறொரு தேயிலை உழைப்பாளியைப் பக்கத்தில் நிறுத்தலாம். இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் இன்று சிற்றுடைமையாளர் தோட்டங்களிலிருந்து வருகிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்கள் இதில் முன்னணியில் நிற்கின்றன. ஓர் ஏக்கர் சொந்தத் தேயிலை வைத்திருக்கும் குடும்பத்தின் மாத வரவு, நோர்வூட்டில் பேருக்குப் பறிக்கும் குடும்பத்தின் வரவை விடச் சில மாதங்களில் குறையவும் கூடும். ஆனால் முன்னவர் நோயில் படுத்தாலும் செடி அவருடையது. ஆள் பிடித்துப் பறித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பலாம், உறுதியைக் காட்டிக் கடன் எடுக்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். பின்னவர் மலைக்குப் போகாத நாளில் வரவே இல்லை. வருமானப் பட்டியலில் இருவரும் ஒரே வரியில் நிற்பார்கள். வாழ்க்கையில் இருவருக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. வருமானத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அந்தத் தூரம் தெரியாது.

மூன்றாவது காரணம் நகையும் பொருளும். தங்கம் பவுண் மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்ட காலத்தில் இரண்டு பவுண் சங்கிலி போட்ட பெண்ணைப் பார்த்து, கழுத்தில் ஆறு இலட்சம் இருக்கிறதே என்று கணக்குப் போடுவது எளிது. காணி உறுதி இல்லாதவர் எதை ஈடு வைத்துப் பணம் எடுப்பார் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். தோட்டத்துப் பெண்ணின் சங்கிலி அவளுடைய வங்கி. பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் மாதமும், வீட்டில் யாரையாவது கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் மாதமும் அது ஹட்டன் அடகுக் கடையில்தான் இருக்கும்; சீட்டுப் பணம் விழும்போது திரும்பி வரும். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் பெரும்பாலும் லீசிங்கில் ஓடுகின்றன. தவணை தவறினால் வாசலில் நிற்பதும் போய்விடும். ஸ்மார்ட் ஃபோன், கொரோனாக் காலத்தில் பாடசாலை நடந்த கருவி. இந்தப் பொருள்கள் ஒரு குடும்பம் காலத்தோடு வாழ முயல்வதைக் காட்டுகின்றன. ஏழை என்றால் வெறுங்கழுத்தோடு, வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

இங்கே சேமலாப நிதியைச் சுட்டிக்காட்டுவோர் உண்டு. அந்த வாதத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் தொழிலாளியிடம் உள்ள மிகப் பெரிய சொத்து அதுதான். தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம் என்று மாதம்தோறும் சேர்கிறது. ஆனால் இன்று ஓய்வுபெறுபவரின் கணக்கில் சேர்ந்திருப்பது பழைய சம்பளத்தின் பங்கு. 2016இல் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. 25 நாளுக்கு 20 வீதம் என்றால் மாதம் 2,500. அதற்கு முந்திய ஆண்டுகளில் இன்னும் குறைவு. இருபது முப்பது வருட உழைப்பின் முடிவில் வரும் தொகை ஒரு கல்யாணத்தையோ, ஒரு கூரையையோ, பழைய கடனையோ முடித்து வைக்கிறது. முதுமையைச் சமாளிக்க அது ஒரு கைப்பிடி, அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

நான்காவது, ஒப்பீடு. தோட்டத்துக்குள் மாதம் இலட்சம் வரும் வீடு மற்ற வீடுகளை விட மேலே இருப்பது உண்மைதான். ஆனால் ஒப்பிட வேண்டியது லயத்தின் அடுத்த காம்பராவோடு மட்டுமா? 2019 கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தக் குடும்ப வருமானத்தில் 51.3 சதவீதம் மேல்தட்டு ஐந்திலொரு பங்கினரிடம் இருந்தது; அடித்தட்டு ஐந்திலொரு பங்கினருக்குக் கிடைத்தது 4.6 சதவீதம். அதே ஆண்டில் நகரத்தில் 6 சதவீதமானோரும் தோட்டத்துறையில் 33.8 சதவீதமானோரும் வறுமையில் இருந்தனர். இந்த இடைவெளிக்கு வரலாறு இருக்கிறது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விவசாயக் குடும்பங்களுக்கு அரச காணி பகிரப்பட்டபோது தோட்ட மக்கள் பெரும்பாலும் அந்தப் பங்கீட்டுக்கு வெளியே நின்றார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. நாடற்றவராகவே எஞ்சியிருந்தோருக்கு முழுத் தீர்வு 2003இன் சட்டத்தோடுதான் வந்தது. மற்றவர்கள் காணி வாங்கி, பிள்ளைக்கு எழுதி, அதன் மேல் கடன் எடுத்து, கடை போட்டு வளர்ந்த அரை நூற்றாண்டில் இவர்களுக்குச் சேர்த்து வைக்கும் வழியே அடைபட்டிருந்தது. தோட்டத்து எல்லைக்குள்ளேயே அளந்துகொண்டிருந்தால் அந்த அநீதிதான் அளவுகோலாகிவிடும்.

அப்படியானால் மலையகம் முன்னேறவே இல்லையா, எப்போதும் ஏழை என்றே சொல்லிக்கொள்வது இழிவில்லையா என்று சிலர் வருந்துகிறார்கள். முன்னேற்றம் கண்கூடு. ஆசிரியர், தாதியர், சட்டத்தரணி, பொறியியலாளர், வணிகர் என்று தோட்டத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள் இன்று எங்கும் இருக்கிறார்கள். அந்தப் பெருமை குறையக் கூடாது. ஆனால் முன்பை விட நன்றாக இருப்பதும் பணக்காரராக இருப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பினால் நட்டம் நடைமுறையில் வருகிறது: சம்பளப் பேச்சுவார்த்தை தளர்கிறது, கேட்க வேண்டிய காணியைக் கேட்கும் குரல் தாழ்கிறது, அரசின் அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் கூரைக்குக் கீழே இருக்கும் பொருளைப் பார்த்துக் குடும்பம் நீக்கப்படுகிறது.

சரி, பணக்காரர் யார் என்று எண்ணில் சொல்லலாம். சொந்தப் பெயரில் வீடும் காணியும் இருக்க வேண்டும். அதற்கு மேல், வேலைக்குப் போகாமலே குடும்பம் நடத்தும் அளவுக்குச் சொத்திலிருந்து வரவு வர வேண்டும். நான்கு பேர் ஹட்டனில் கவலையில்லாமல் வாழ மாதம் ஒன்றரை இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 18 இலட்சம். வைப்பு வட்டி நூற்றுக்கு 8 என்றால் அதற்கு இரண்டேகால் கோடி ரூபா முதல் வேண்டும். கொழுந்தெடுக்கும் தம்பதி நான்கு பேர் குடும்பத்தை வறுமைக்கோட்டுச் செலவிலேயே நடத்தி, மாதம் எஞ்சும் 17,300 ரூபாவை ஒரு சதமும் தொடாமல் சேர்த்தால், வட்டிக்கு வட்டி சேர்ந்தும் அந்த முதலுக்கு ஏறத்தாழ 30 வருடம் ஆகும். அதுவரை ஒருவரும் நோயில் விழக் கூடாது, ஒரு நாள் பேரும் குறையக் கூடாது, விலைவாசி ஏறவே கூடாது.

ஆகவே, மாதம் இலட்சம் வரும் தோட்டக் குடும்பம் பணக்காரக் குடும்பமல்ல. ஒரு மாதம் வேலை நின்றால் கடனில் விழக்கூடிய உழைப்பாளிக் குடும்பம். சம்பளம் உயர வேண்டும் என்று கேட்போர் அதே மூச்சில் காணி உரித்தையும் கேட்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சட்டபூர்வமான உறுதியோடு காணி கிடைத்த பிறகு, யார் வசதியானவர் என்ற கணக்கை நியாயமாகப் போடலாம். அதுவரை அந்தப் பட்டத்தை இவர்கள் தலையில் யாரும் கட்ட வேண்டாம்.