குலுங்கினா கியர்பாக்ஸ் போச்சா?

பழைய ஆட்டோமேட்டிக் கார் லேசா குலுங்கினாப் போதும், "கியர்பாக்ஸே போச்சு, மொத்தமா மாத்தணும்"னு சொல்லிடுறாங்க. திருச்சியில எங்க ஊர்க்காரர் ஒருத்தருக்கும் அதேதான் சொன்னாங்க. கழட்டிக்கூடப் பார்க்கலை. இது அநியாயம்.

2014-ல மாருதி செலேரியோவோட நம்ம ஊருக்கு வந்த ஏ.எம்.டி.யில இருக்கிறது சாதாரண கியர்பாக்ஸ்தாங்க. கிளட்ச்சை நம்ம காலுக்குப் பதிலா ஒரு மிஷின் மிதிக்குது, அவ்வளவுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரைக்கும் நெரிசல்ல ஊர்ந்தா, கிளட்ச் பாதி பிடிச்சு பாதி வழுக்கித் தேயும். தேயுறது பிளேட்டு, பெட்டி இல்லை. முதல்ல பிளேட்டையும் அந்த மிஷினோட ஆயிலையும் பார்க்கணும். புது பிளேட்டு போட்டா, அது எங்க பிடிக்குதுன்னு கம்ப்யூட்டர் வச்சு வண்டிக்குக் கத்துக் கொடுக்கணும்.

டார்க் கன்வர்ட்டர் வண்டி வேற ஜாதி. அதுக்கு ஆயில்தான் உயிர். "ஆயுசுக்கும் மாத்த வேணாம்"னு சொல்றதை நம்பாதீங்க. டிராக்டருக்கே ஓடின மணியைக் கணக்கு வச்சு ஆயில் மாத்துறோம் நாங்க.

பட்டணத்து மக்களே, கழட்டிக் காட்டாதவங்களுக்குக் காசு கொடுக்காதீங்க. ஆயிலே மாத்தாம ஓட்டிட்டு, அந்த வண்டியை எங்க கிராமத்துப் பக்கம் தள்ளியும் விடாதீங்க.